கறுப்புக் கல்லும் சாதிலிங்கமும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருந்தால் வாசியுங்கள். தரம் 10 க்குப் போகிற பிள்ளை வீட்டில் இருந்தால் நேரம் ஒதுக்கியாவது வாசியுங்கள்.

பாமன்கடைப் பக்கம் நாங்கள் படிப்பிக்கும் பாடசாலையில் போன மாதம் பாடத் தெரிவுப் படிவம் கொடுத்தோம். சாதாரண தரத்துக்கு எந்தத் தொகுதிப் பாடங்களை எடுப்பது என்று பிள்ளையும் பெற்றோரும் எழுதிக் கையெழுத்து வைத்துத் தர வேண்டும். இரண்டாம் தொகுதியில்தான் எப்போதும் இழுபறி. சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம், இலக்கிய நயம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

ஒரு படிவம் எங்களை நிறுத்தி வைத்தது. பென்சிலால் "சித்திரம்" என்று அழகான எழுத்தில் எழுதி இருந்தது. அதற்கு மேலே நீலப் பேனையால் இரண்டு கோடு. பக்கத்தில் பெரியவர் கையெழுத்தில் "ஆங்கில இலக்கியம்".

அந்தப் பிள்ளையை எங்களுக்கு நன்றாகத் தெரியும். விஞ்ஞானத்தில் கடைசித் தவணைக்கு 91 புள்ளி. விஞ்ஞானக் கொப்பியின் பின்பக்கம் முழுக்கக் கோலம், கொடி, இலை. மனித இதயத்தைக் கீறச் சொன்னால், புத்தகத்தில் இருப்பதை விடத் தெளிவாகக் கீறி, நாடிக்கும் நாளத்துக்கும் நிறம் தீட்டித் தருவாள்.

திங்கட்கிழமை வாப்பா வந்தார். இரத்தினக்கல் வியாபாரம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இரத்தினபுரியில் இருப்பார். மரியாதையான மனிதர். கதிரையில் அமர முன்னமே சொல்லிவிட்டார்.

"டீச்சர், பிள்ளைக்கு அல்லாஹ் நல்ல மூளையக் குடுத்திருக்கான். சயன்ஸ்ல போகணும். சித்திரம் படிச்சி என்ன செய்யிற? படம் கீறினா மார்க்கத்துலயும் கேள்வி வரும், வயித்துக்கும் கேள்வி வரும்."

பதில் வராமல் நின்றோம். அவர் சொன்னது பிழை என்று உடனே சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் இதே மேசையில் ஒரு பையனிடம், "உனக்கு விஞ்ஞானம் பிடிபடுது மகன், சித்திரத்த விடு" என்று சொன்னவர்கள் நாங்கள்தான். அவன் விட்டான். விஞ்ஞானத்தில் C தான் வந்தது. இன்றைக்கு வெள்ளவத்தையில் ஒரு ஃபோன் கடையில் கண்ணாடி ஒட்டுகிறான். உழைத்துச் சாப்பிடுகிறான், அதில் குறை இல்லை. கண்டால் சிரித்துக்கொண்டு ஸலாம் சொல்வான். அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்குக் கஷ்டம்.

"படிவம் அடுத்த புதன்கிழமைதான் கடைசி. அதுக்குள்ள திரும்பப் பேசுவோம்" என்று வாப்பாவை அனுப்பி வைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை பிள்ளைகளை அரும்பொருட்காட்சியகம் கூட்டிப் போவதாக முன்பே ஏற்பாடு. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ் பிடித்துக் கொள்ளுப்பிட்டியில் இறங்கி நடந்தோம். கிறீன் பாத் என்று பழைய ஆட்கள் சொல்லும் வீதி. மர நிழல், ஒரு பக்கம் தேசிய கலாபவனம். நடைபாதையில் இளம் ஓவியர்கள் படங்களைச் சாய்த்து வைத்து விற்பது அந்த வீதியின் பழக்கம். பெயர்ப்பலகையை ஒரு பையன் சத்தமாக வாசித்தான்: "ஆனந்த குமாரசுவாமி மாவத்தை." "யார் டீச்சர் அது?" இன்னொருவன் முந்திக்கொண்டான்: "யாராவது மினிஸ்டரா இருக்கும்."

மினிஸ்டர் இல்லை. இந்தத் தீவின் கனிய அளவீட்டுக்குத் தலைமை வகித்த விஞ்ஞானி. அந்த வீதியில் படம் விற்க அவர் பெயரை விடப் பொருத்தமான பெயர் கிடையாது. ஆனால் பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்த அன்றைக்கு எங்களுக்கு வழி முழுக்கவும் தேவைப்பட்டது. சொன்னதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கேயும் எழுதுகிறோம்.

குமாரசுவாமி பிறந்தது 1877 ஓகஸ்ட் 22, கொழும்பில். அதே வருடம் ஜனவரி முதலாம் திகதிதான் கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தை மக்களுக்குத் திறந்தார்கள். அந்தக் கட்டடத்தைக் கட்டியவர் எங்கள் வாப்பிச்சி மரிக்கார். வேலை முடிந்ததும் ஆளுநர் கிரகரி "உமக்கு என்ன வேண்டும்" என்று கேட்க, "வெள்ளிக்கிழமை மூடி வையுங்கள்" என்று அவர் கேட்டதாக ஒரு கதை கொழும்பு முஸ்லிம் வீடுகளில் இன்னும் ஓடுகிறது. கதையைக் கேட்டதும் பிள்ளைகளின் நடையே மாறிவிட்டது. தங்கள் வீட்டுக் கட்டடத்துக்குள் போகிற மாதிரிப் போனார்கள்.

குமாரசுவாமியின் தகப்பன் சேர் முத்துக்குமாரசுவாமி, சட்டசபை உறுப்பினர், பாளி நூல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன தமிழர். தாய் எலிசபெத் பீபி, ஆங்கிலேயர். பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்ப முன் தகப்பன் 1879 இல் காலமானார். பிள்ளை இங்கிலாந்தில் தாயோடு வளர்ந்தது. இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் படித்து 1900 இல் பட்டம். அதாவது, கல்லும் செடியும் படித்தவர். கலை படித்தவர் அல்ல.

1903 இல், 25 வயதில், இலங்கைக் கனிய அளவீட்டுத் திணைக்களத்தின் முதல் பணிப்பாளராக வந்தார். அந்த வேலையை மேசையில் இருந்து செய்ய முடியாது. மலைநாடு முழுக்க நடக்க வேண்டும், மாட்டு வண்டியில் போக வேண்டும், கல் உடைக்க வேண்டும், ஆற்று மணலைக் கழுவிப் பார்க்க வேண்டும். கண்டிப் பக்கம் கிடைத்த ஒரு நீல நிறக் கனியத்தை பிரயர் என்ற பிரித்தானிய விஞ்ஞானியோடு சேர்ந்து விவரித்தார். அதற்கு அவர்கள் வைத்த பெயர் செரண்டிபைற்று. எங்கிருந்து வந்த பெயர்? அரபு வணிகர்கள் இந்தத் தீவைக் கூப்பிட்ட ஸரன்தீப். உலகத்தில் எந்த நாட்டு மாணவன் அந்தக் கல்லின் பெயரைச் சொன்னாலும் எங்கள் முன்னோர் வைத்த பெயரைத்தான் சொல்கிறான்.

பெரிய விஷயம் அடுத்தது. பலாங்கொடைப் பக்கம் இல்லம் கழுவும்போது, நீலக்கல்லும் சிவப்புக்கல்லும் தேடுகிற கூடையின் அடியில், சின்னச் சின்னக் கறுப்புக் கனசதுரங்கள் தங்கும். மினுக்கம் இல்லை, விலை இல்லை. ஆனால் அளவுக்கு மிஞ்சிய பாரம். நீலக்கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல சுமார் 4 மடங்கு. இந்தக் கறுப்புக் கல் 9 மடங்குக்கு மேல். 1904 இல் குமாரசுவாமி இதை யுரேனினைற்று என்று கருதினார். இலண்டனில் பேராசிரியர் டன்ஸ்டன் பகுப்பாய்வு செய்தபோது, பாதிக்கு மேல், ஏறக்குறைய முக்கால் பங்கு தோரியம் ஒட்சைட்டு! உலகம் அதுவரை அறியாத கனியம். தோரியனைற்று என்று பெயர் வைத்தார்கள்.

"அப்ப அவர் முதல்ல பிழையாத்தான் சொன்னாரா டீச்சர்?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஆம். பிழையாகச் சொன்னார். ஆனால் மற்றவர்கள் வீசிய கல்லை அவர் வீசவில்லை. இது சாதாரணக் கல் இல்லை என்று கண்டுபிடித்தது கண். அது என்ன என்று கண்டுபிடித்தது இரசாயனம். இரண்டும் தேவை.

தோரியத்துக்கு அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு கிராக்கி? இதைச் சொல்ல எங்கள் வீட்டுக்குப் போக வேண்டும்.

1996 இல் நாடு முழுக்க நீண்ட மின்வெட்டு. நாங்கள் சின்னப் பிள்ளைகள். பாமன்கடையில் எங்கள் வாப்பாவின் சின்னப் பலசரக்குக் கடையில் பெற்றோமெக்ஸ் லாம்பு ஒன்று இருந்தது. மென்டல் என்று சொல்லும் வெள்ளைத் துணிப் பையை வாப்பா கவனமாகக் கட்டுவார். நெருப்பு வைத்தால் துணி எரிந்து போகும், ஆனால் பையின் உருவம் அப்படியே சாம்பலாகத் தொங்கும். "ஊதாதீங்க, தொடாதீங்க" என்று வாப்பா அதட்டுவார். பம்ப் அடித்ததும் அந்தச் சாம்பல் பகல் போல வெளிச்சம் தரும். துணி எரிந்த பிறகும் சாம்பல் ஏன் எரிந்து முடியவில்லை என்று எங்களுக்கு விளங்கவே இல்லை.

விடை கிடைத்தது ஆசிரியர் கலாசாலையில். அந்தத் துணியைத் தோரியம் உப்புக் கரைசலில் ஊற வைத்திருப்பார்கள். துணி எரிந்ததும் மிஞ்சுவது தோரியம் ஒட்சைட்டு. 3000 பாகை செல்சியஸுக்கு மேல்தான் அது உருகும், ஆகவே லாம்புச் சூட்டில் உருகாமல் ஒளிர்கிறது. ஆஸ்திரிய இரசாயனவியலாளர் கார்ல் அவுவர் வொன் வெல்ஸ்பாக் 1891 இல் கண்ட கலவை 99 பங்கு தோரியம் ஒட்சைட்டு, 1 பங்கு சீரியம் ஒட்சைட்டு. இலண்டன், பாரிஸ், பெர்லின் தெருக்களில் எரிந்த வாயு விளக்குகளுக்கெல்லாம் அந்த மென்டல் தேவைப்பட்டது. தோரியம் தேடி உலகமே மணலைக் கிளறிய நேரத்தில்தான் எங்கள் இல்லக் கூடையின் அடியில் அது கிடைத்தது. (தோரியத்துக்குக் கதிர்த்தொழிற்பாடு உண்டு. அதனால் இப்போது பெரும்பாலும் வேறு ஒட்சைட்டுக்களைப் பாவிக்கிறார்கள். பழைய மென்டல் சாம்பலைப் பிள்ளைகள் ஊதி விளையாட விடாதீர்கள். வாப்பா அதட்டியது சரிதான்.)

இன்னும் ஒன்று. தோரியனைற்று இலண்டனுக்குப் போனது, குமாரசுவாமி படித்த அதே பல்கலைக்கழகக் கல்லூரியில், சேர் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்துக்கு. அங்கே வேலை பழக வந்திருந்த ஒரு ஜெர்மன் இளைஞனிடம் இந்தக் கனியத்தில் இருந்து எடுத்த பொருளைக் கொடுத்து ரேடியத்தைப் பிரிக்கச் சொன்னார்கள். அவன் அதில் புதிதாக ஒரு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டான். 1905 இல் ரேடியோதோரியம் என்று பெயர் வைத்தார்கள். அந்த இளைஞன்தான் ஒட்டோ ஹான். பின்னாளில் அணுக்கருப் பிளவுக்காக இரசாயன நொபெல் பரிசு பெற்றவர். அவர் கதிர்த்தொழிற்பாட்டில் எடுத்து வைத்த முதல் அடி இலங்கைக் கல்லின் மேல்.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் குமாரசுவாமிக்கு ஒரு வீதிப் பெயர் கிடைத்திருக்கும். கனிய அளவீட்டு வேலைக்காக 1906 இல் இலண்டன் பல்கலைக்கழகம் விஞ்ஞானக் கலாநிதிப் பட்டமும் கொடுத்தது. ஆனால் கல் தேடி நடந்த ஊர்களில் அவர் கண்ணில் வேறொன்றும் பட்டுக்கொண்டே இருந்தது.

கண்டி மலைக் கிராமங்களில் குயவர், கொல்லர், யானைத் தந்தம் செதுக்குவோர், அரக்கு வேலைக்காரர், விகாரைச் சுவரில் எழுதும் சித்திரக்காரர் கடைசித் தலைமுறையாக இருந்தார்கள். தும்பறைப் பக்கம் மருள் நாரில் பாய் நெய்வோர் பதங்கிக் கட்டையை அவித்துச் சிவப்புச் சாயம் எடுத்தார்கள். கண்டி அரசு போன பிறகு அவர்களுக்கு ஆதரவு தர ஆள் இல்லை. சந்தையில் இயந்திரத் துணி. இங்கிலாந்தில் பேர்கின் என்ற 18 வயதுப் பையன் 1856 இல் தற்செயலாகக் கண்ட செயற்கைச் சாயம் ஐம்பது வருடத்தில் உலகத்து மரச்சாயத்தையெல்லாம் ஓரம் தள்ளிவிட்டது. எங்கள் வெள்ளவத்தையிலேயே நூற்பு நெசவாலை அப்போது ஓடிக்கொண்டிருந்தது. இன்று ஹெவ்லொக் சிட்டி மாடிகள் நிற்கிற அதே இடம்.

குமாரசுவாமி அந்தத் தொழிலாளிகளிடம் போய் உட்கார்ந்தார். பொருளை வாங்கினார், செய்முறையைக் கேட்டு எழுதினார். மனைவி எதெல் படம் பிடித்தார். 1905 இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கி, வெள்ளைக்காரனைப் பார்த்துக் கண்மூடித்தனமாக உடுப்பையும் பழக்கத்தையும் மாற்றாதீர்கள் என்று பேசினார். 1907 இல் இங்கிலாந்து திரும்பி, வில்லியம் மொரிஸ் பாவித்த அச்சியந்திரத்தில், தானே மேற்பார்வை செய்து ஒரு பெரிய புத்தகம் அச்சிட்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றியது. 1908 இல் வெளிவந்தது, மொத்தம் 425 பிரதி. தமிழ்த் தகப்பனுக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்தவர் சிங்களக் கைவினைஞர்களுக்காகச் செய்த புத்தகம். எங்கள் பாமன்கடை மாதிரி ஒரே வரிசையில் மூன்று பாஷை பேசும் கடைகள் இருக்கிற ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக அழுத்திச் சொல்லத் தேவை இருக்கவில்லை.

அரும்பொருட்காட்சியகத்தில் கண்டிக் காலப் பொருட்களின் முன்னால் நின்று, அந்தச் சித்திரக்காரர்கள் நிறம் செய்த விதத்தைச் சொன்னோம். அங்கேதான் பிள்ளைகள் உண்மையில் விழித்தார்கள்.

சிவப்புக்குச் சாதிலிங்கம். நாட்டு மருந்துக் கடையில் கேட்ட பெயர். அது என்ன? இரசமும் கந்தகமும் சேர்ந்த சல்பைட்டு. மஞ்சளுக்கு அரிதாரம், சிங்களத்தில் ஹிரியல். ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த சல்பைட்டு, நஞ்சு. இன்னொரு மஞ்சள் கொகட்டு மரத்துப் பாலில் இருந்து. மீன் கறிக்குப் போடுகிறோமே கொறக்கா, அதன் உறவுக்கார மரம். வெள்ளைக்கு மக்குல் என்ற மண். கறுப்புக்கு விளக்குப் புகைக் கரி. இதையெல்லாம் அரைத்து, பிசின் சேர்த்து, எவ்வளவு சேர்த்தால் சுவரில் பிடிக்கும், எவ்வளவு சேர்த்தால் வெடிக்கும் என்று அந்த மனிதர்களுக்குத் தெரியும். ஆவர்த்தன அட்டவணை தெரியாது. ஆனால் இருநூறு வருடம் மங்காத சிவப்பு செய்யத் தெரியும்.

அந்த 91 புள்ளிப் பிள்ளை கேட்டாள்: "அப்ப அவங்க கெமிஸ்ட்டா, ஆர்ட்டிஸ்ட்டா டீச்சர்?"

நாங்கள் பதில் சொல்ல முன் இன்னொரு பிள்ளை சொன்னாள்: "அந்தக் காலத்துல ரெண்டாம் தொகுதி இருந்திருக்காதுதானே."

எல்லோரும் சிரித்தோம். பஸ்ஸில் திரும்பும்போது அந்தச் சிரிப்பு கொஞ்சம் கசந்தது.

மீதியையும் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் இந்தக் கதை முழுவதும் இனிப்பு இல்லை. எதெலும் அவரும் பிரிந்தார்கள். எதெல் சாயத்தோடும் தறியோடும் தன் வாழ்க்கையை அமைத்து, எதெல் மேரே என்ற பெயரில் 1916 இல் தாவரச் சாயங்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலாந்துக் கைநெசவில் பெரிய பெயர் ஆனார். குமாரசுவாமி வட இந்தியா முழுக்க அலைந்து, யாரும் மதிக்காத ராஜபுத்திர ஓவியங்களையும் முகலாய ஓவியங்களையும் சேர்த்தார். 1910-11 அலகாபாத் கண்காட்சியின் கலைப் பகுதி அவர் பொறுப்பு. இந்தியாவில் ஒரு தேசிய அரும்பொருட்காட்சியகம் கட்டினால் தன் சேகரிப்பைத் தருகிறேன் என்றார். பணம் சேரவில்லை, கட்டடம் எழவில்லை. 1917 இல் சேகரிப்பு அமெரிக்காவின் பொஸ்டன் நுண்கலை அரும்பொருட்காட்சியகத்துக்குப் போனது. அவரும் அதன் பின்னால் காப்பாளராகப் போனார். முப்பது வருடம் அங்கேயே இருந்து, 70 வயது நிரம்பிய சில நாட்களில், 1947 செப்டெம்பர் 9 இல் காலமானார். ஐந்து மாதம் கழித்து இலங்கை சுதந்திரம் பெற்றது. அவர் சேர்த்த படங்களைப் பார்க்க எங்கள் பிள்ளைக்கு இன்று விசா வேண்டும்.

அந்தப் பொஸ்டன் காலத்தில் அவர் எழுதிய ஒரு கட்டுரையை முஸ்லிம் வாசகர்கள் அறிந்து வைத்திருப்பது நல்லது. 1934 இல் வந்தது. பாரசீக, முகலாயக் கலையில் ஹிழ்ர் (அலை) அவர்களும் ஜீவ ஊற்றும் எப்படி வருகிறார்கள் என்பது விஷயம். வட இந்தியப் படங்களில் பச்சை உடை உடுத்த ஒரு முதியவர் ஆற்றில் மீனின் மேல் நிற்பார். அந்த உருவத்தின் அடியைத் தேடிக் குர்ஆன் கதை வரை, அதற்கும் முந்திய கதைகள் வரை அவர் போகிறார். கல்லின் அடியில் என்ன என்று தேடிய அதே ஆள்தான் படத்தின் அடியில் என்ன என்றும் தேடுகிறார். தொழில் மாறவில்லை என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னபோது ஒரு சக ஆசிரியர் கேட்டார்: "அவருக்குப் பரம்பரைச் சொத்து இருந்திச்சி. ஊர் சுத்தினார், படம் வாங்கினார். எங்கட பிள்ளைகளுக்கு என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. அன்று இரவு முழுக்க அது எங்களோடு இருந்தது. விடை குமாரசுவாமியிடம் இல்லை, அவர் யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களிடம் இருக்கிறது என்று பிறகு விளங்கியது. சாதிலிங்கம் அரைத்தவனிடம் சொத்து இருக்கவில்லை. பதங்கிக் கட்டை அவித்தவளிடம் பட்டம் இருக்கவில்லை. அவர்கள் கையில் இரசாயனமும் சித்திரமும் ஒரே வேலையாக இருந்தன. பணக்காரர்தான் இரண்டையும் வைத்திருக்கலாம் என்ற எண்ணம் பிறகு வந்தது. அதைப் படிவமாக அடித்துப் பிள்ளையிடம் நீட்டுகிறவர்களில் நாங்களும் இருக்கிறோம்.

செவ்வாய்க்கிழமை வாப்பா திரும்ப வந்தார். இரத்தினபுரியில் இருந்து நேரே. நாங்கள் சித்திரத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கறுப்புக் கல்லின் கதையைச் சொன்னோம். கவனமாகக் கேட்டார்.

"இல்லத்துல கறுப்புக் கல் எவ்வளவோ வரும் டீச்சர். நாங்க அத ஒரு பக்கம் தள்ளுவோம். பாரமா இருந்தா கையில எடுத்துப் பாத்துட்டுத் தள்ளுவோம்" என்று சிரித்தார்.

"கல்லுக்கு நிறம் எப்படிப் பாப்பீங்க?" என்று கேட்டோம்.

"காலை வெயில்ல. டியூப் லைட் பொய் சொல்லும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, எங்களுக்குச் சொல்வதா தனக்குச் சொல்வதா என்று தெரியாத குரலில்: "இப்ப எனக்குக் கண் கொஞ்சம் கம்மி டீச்சர். ரெண்டு நீலத்த வச்சா எது கூட, எது கொறையன்டு மகள்ட்டத்தான் காட்டுற. அவள் சொன்னா பிழைக்கிறல்ல."

நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டி இருக்கவும் இல்லை.

மார்க்கக் கேள்வியை அவரே எடுத்தார். உயிருள்ளவற்றைக் கீறுவது பற்றித் தீர்ப்புச் சொல்ல நாங்கள் ஆள் இல்லை, உங்கள் பள்ளி மௌலவியிடம் கேளுங்கள் என்றோம். கொடி, பூ, எழுத்தணி, கேத்திரகணித வடிவம் எங்கள் உம்மத் உலகத்துக்குக் கொடுத்த கலை, அதிலே அவளுக்கு இருக்கும் கையைப் பாருங்கள் என்று கொப்பியின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினோம். அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய், கல்லைப் பார்க்கிற மாதிரியே கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

கையெழுத்து வைத்தார். நிபந்தனையோடு. விஞ்ஞானப் புள்ளி 85 க்குக் கீழே போனால் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். சரி என்றோம். பயமாகத்தான் இருக்கிறது.

பிரச்சினை முடிந்தது என்று நினைக்காதீர்கள். சித்திரம் கேட்டவர்கள் மொத்தம் ஆறு பேர். ஆறு பேருக்கு ஒரு வகுப்பு நடத்த முடியுமா, அடுத்த வருடம் சித்திர ஆசிரியர் இருப்பாரா என்று இன்னும் பேச்சு நடக்கிறது. வகுப்பு இல்லாமல் போனால் சனிக்கிழமை காலையில் விஞ்ஞான கூடத்தில் அவர்களை உட்கார வைப்பதாகச் சொல்லி இருக்கிறோம். நிறம் செய்வதில் இருந்து தொடங்குவோம். நஞ்சு இல்லாத நிறம். மஞ்சள், செங்கல் தூள், கரி, நீலத்துக்கு நீலக்காக்கணம் பூ. எலுமிச்சம் புளி விட்டால் அந்த நீலம் ஊதாவாக மாறும். ஒரே கிண்ணத்தில் அமிலப் பாடமும் நிறப் பாடமும்.

நேற்று மாலை அந்த ஃபோன் கடைக்குப் போனோம். வேலை ஒன்றும் இல்லை, சும்மா ஒரு சார்ஜர் வாங்குவது போல. "மகன், அண்டைக்குச் சித்திரத்த விடச் சொன்னம். அது நாங்க செஞ்ச பிழை" என்றோம். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. "அதெல்லாம் பழைய கதை டீச்சர்" என்று சார்ஜரைக் கடதாசியில் சுற்றினான். மிச்சக் காசைத் தரும்போது கேட்டான்: "சனிக்கிழமை எத்தன மணிக்கு டீச்சர் அந்தப் பிள்ளைகள் வாற? எனக்குப் பத்தரைக்குத்தான் கடை."

ஒன்பதுக்கு வரச் சொல்லி இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டுக்கும் இந்தப் படிவம் வரும். பேனையை எடுக்க முன், பிள்ளை பென்சிலால் எழுதியதை ஒரு தடவை வாசித்துவிடுங்கள்.